முப்பத்தோரு பக்கம்

இடக்கை பக்கத்தைப் புரட்டுகிறது. வலக்கை தாசில்தாருக்கு எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே ரியாசுதீனின் தலை, தராசு முள் மாதிரி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. எதிரே நிற்பவர் தம் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் நாவலில் நாலு வரி நகர்ந்துவிடும். "ம், அப்புறம்?" என்று அவர் கேட்டால், கேட்டது ஆளையா நாவலையா என்று பழவேற்காட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே அவர் மேஜை. அதன் ஒரு கால் குட்டை. ஒல்லாந்தர் காலத்துச் செங்கல் ஒன்று தாங்குகிறது. ஊருக்கு அவர் 'ரைட்டர் பாய்'. ரேஷன் கார்டு மனு, துபாய்க்குக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, மொட்டைக் கடிதம், மொட்டைக் கடிதத்துக்கு மறுப்பு எல்லாம் அவர் கைதான். கடைசி இரண்டும் சில சமயம் ஒரே நாளில். இது போதாதென்று சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் ராஜா கதைத் தொடர் வேறு. தொழில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் உண்டு. சென்ற மாதம் அவருடைய இளவரசி "மிகவும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று காதலைத் தொடங்கினாள். அதே வாரம் மின்கம்பம் கேட்டுப் போன மனுவில் "நிலவும் நாணி மறைந்தது" என்று ஒரு வரி இருந்தது. கம்பம் வந்துவிட்டது.

இத்தனை எழுதுகிறவருக்குப் படிக்க நேரம் ஏது என்று கேட்டால் கோபம் வரும். "எய்துறவன் படிக்கலன்னா, ஊறாத கெணத்துல எறைக்கிற மாரி" என்பார். வீட்டில் படிக்க வழியில்லை. புத்தகத்தோடு உட்கார்ந்தாலே, "சும்மாதான கீறீங்க, அரிசி பொடைச்சிக் குடுங்க" என்று மனைவி நூருன்னிசா முறத்தை நீட்டுவார். ஆகவே மேஜைதான் கதி.

புத்தகம் கிடைப்பதிலும் ஒரு சட்டம் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் நாளில் வலை கட்டாதவனுக்கு நாள் போனது போனதுதான். எழுபத்தெட்டாம் வருஷம், பொன்னேரி நூலகத்திலிருந்து வந்த ஒரு நாவலை இரண்டு பேர் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து இழுத்து, ஆளுக்குப் பாதி படித்தார்கள். அன்றைக்குப் பசியாவரம் தீவின் படகுக்காரர் நீலமேகம் தீர்ப்புச் சொன்னார்: "ஏரிக்கே பாடு வெச்சி சண்ட இல்லாம கீறோம். ஒரு பொஸ்தகத்துக்கு வெச்சா இன்னா?"

அதிலிருந்து ஏழு வாசகர்கள், நூலகம் தரும் பதினான்கு நாள், ஆளுக்கு இரண்டு நாள். விதிகளை முத்து முத்தான எழுத்தில் அட்டையில் எழுதி, தம் தலைக்கு மேலேயே தொங்கவிட்டவர் ரியாசுதீன்: 'தவறிய பாடு தவறியதே. பாடு மாற்றிக்கொள்ளுதல் கூடாது. பசியாவரம் படகு கிளம்பும் மாலை ஐந்து மணிக்குப் பாடு முடியும். அதன்பின் பழைய ஆள் புத்தகத்தைத் தொடலாகாது.' தண்டனைச் சட்டத்திலாவது தணிவு உண்டு, இதில் கிடையாது.

இதைக் கடைசியாக அனுபவித்தவர் ஜெயம்மா. தீவிலிருந்து இறால் கூடையோடு வருகிறவர். முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றவர். வாசகர் என்ற முறையில் அவரிடம் இரண்டு குற்றங்கள். வாய்விட்டுத்தான் படிப்பார். முடிவை முதலில் படிப்பார். "யாரு சாவப்போறான்னு தெரிஞ்சாதான மொதல்லேர்ந்தே அயுதுக்கினு வர்லாம்?" போன மாதம் அவர் பாடு முடிந்தபோது நடுவில் பதினாலு பக்கம் பாக்கி. கேட்டுப் பார்த்தார். ரியாசுதீன் அட்டையைக் காட்டினார். அந்த நாவலின் ஆரம்பமும் முடிவும் ஜெயம்மாவுக்குத் தெரியும். நடுவில் அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பது இன்றுவரை தெரியாது.

இந்த மாத நாவல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைப்பைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்களும் பாடு கேட்பார்கள், வேண்டாம். ரியாசுதீனின் பாடு செவ்வாயும் புதனும். செவ்வாய் முழுவதையும், அனுமதிச் சீட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்து எளாவூர் செக்போஸ்ட்டில் நின்றுபோன ஓர் இறால் லாரிக்காரரின் விண்ணப்பங்கள் தின்றுவிட்டன. புதன் காலையில் அவர் இருந்தது நூற்றுப் பத்தாம் பக்கத்தில். அன்று மாலை ஐந்துக்குப் புத்தகம் ஜெயம்மாவுக்கு. அப்புறம் இன்னும் நாலு பேர், அப்புறம் பொன்னேரி. அங்கே அந்த ஒரு பிரதிக்கு நீண்ட வரிசை. அதாவது இன்று, அல்லது இல்லை.

போதாக்குறைக்குப் பத்திரிகையிலிருந்து ஒரு கார்டு. அவருடைய இளவரசி மூன்று வாரமாகக் கிணற்றுக்குள் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறாள். அடுத்த அத்தியாயம் இன்றைய பஸ்ஸில் புறப்படாவிட்டால், அவளை அப்படியே விட்டு 'முற்றும்' போடப்படும்.

மூன்று மணிக்குப் பக்கம் முந்நூற்று முப்பது; வெள்ளைத்தாளில் ஒரு எழுத்து இல்லை. மூன்றரை பஸ்ஸின் கண்டக்டர் கோபால் படிக்கட்டில் நின்று விசில் ஊதினார். "பாய், கவர்ல போட்டியா இல்லியா? டிரைவர் டீ குடிச்சிட்டாரு!"

"ரெண்டே நிமிஷம் நைனா."

"மூணு வாரமா தொங்குது அந்தப் பொண்ணு. அதுக்குக் கை வலிக்காதா?"

ஜெயம்மா விற்றுத் தீர்ந்த கூடையைக் கவிழ்த்து, மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தார். ரியாசுதீன் பக்கம் புரட்டும்போதெல்லாம் அவர் பார்வையும் கூடவே புரண்டது. "இதுக்கா யோசன?" என்றார். "ஒரு வலய வுடு பாய். புட்சிக்கினு ஏறி வந்துடுவா."

ராஜாவின் மந்திரிகள் மூன்று வாரம் யோசித்தும் தோன்றாத உபாயம். ரியாசுதீன் நிமிர்ந்து பார்த்தார். நன்றி சொல்ல நேரமில்லை. அரசவைக்குச் சம்பந்தமே இல்லாத செம்படவர் ஒருவர் கிணற்றடியில் தோன்றினார், வலை இறங்கியது, இளவரசி ஏறினாள். கவர், நகரும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கோபாலிடம் போனது.

அதன்பின் ரியாசுதீன் படித்த படிப்பு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டியது. கண் இமைக்கவில்லை. மனு கேட்டு வந்த இரண்டு பேரை, "நாளைக்கி" என்று தலை தூக்காமலே திருப்பினார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. நாலேகாலுக்குப் பக்கம் முந்நூற்று எண்பத்தொன்று. முப்பத்தோரு பக்கம், நாற்பத்தைந்து நிமிஷம். கணக்கு நேராகிவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது.

அப்போது மேஜை மேல் ஒரு நிழல். நீலமேகம்.

"உன் பாடு நாளுன்னு தெரியும் பாய்" என்றார். துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். "படகு இன்னும் எங்க அண்ணன் பேர்லதான் கீது. அவன் பூட்டு ரெண்டு வருசமாச்சி. நாளிக்கிப் பத்து மணிக்கிப் பொன்னேரி ஆபீசுல மனு குடுக்கலன்னா, பேர வெட்டிடுவாங்களாம். இப்பதான் சேதி வந்துச்சி."

"வேற யாரும்..."

"யாரு கீறா?"

ரியாசுதீன் புத்தகத்தைப் பார்த்தார். நீலமேகத்தைப் பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய அட்டையில் மனு எழுதுவதற்கு விதி ஏதுமில்லை. "அண்ணன் முழுப் பேர் இன்னா? செத்த தேதி?" என்று கேட்டுக்கொண்டே தாளை இழுத்தார். படகு மனு என்பது மூன்று பிரதி. இந்த முறை தலை ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. இடக்கையின் விரல் மட்டும் முந்நூற்று எண்பத்தொன்றில் சிக்கியிருந்தது.

மூன்றாம் பிரதியில் நீலமேகத்தின் கைநாட்டு விழுந்தபோது மணி ஐந்து.

"பாய், நேரமாயிடிச்சி" என்றார் ஜெயம்மா, எழுந்து.

"முப்பத்தோரு பக்கம்தாம்மா."

"போன தபா எனுக்கு எத்தினி பக்கம்?"

"பதினாலு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அட்டயக் காமிச்சேன்."

ஜெயம்மாவும் அட்டையைக் காட்டினார்.

ரியாசுதீன் விரலை உருவிக்கொண்டார், முள் எடுப்பது மாதிரி, மெதுவாக. புத்தகம் இறால் கூடைக்குள் போனது. துறை வரைக்கும் அவர் கூடவே நடந்தார். ஜெயம்மா நீலமேகத்தின் படகில் ஏறி உட்கார்ந்து, கையை முந்தானையில் நன்றாகத் துடைத்து, புத்தகத்தை எடுத்தார்.

"எத்தினியாவது பக்கம் பாய்?"

"நான் தொடக்கூடாதும்மா."

"நீ தொட வாணாம். காதுக்கு இன்னா சட்டம் எய்தி வெச்சிகிற?"

"...முந்நூத்தி எம்பத்தொண்ணு."

"நான் எப்பவும் முடிவத்தான மொதல்ல படிப்பேன்" என்று யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல் சொல்லி, ஜெயம்மா எழுத்தெழுத்தாகத் தொடங்கினார். "அ... வன்... க... த... வைத்... தட்... டி... னான்..."

நீலமேகம் கழியைத் தண்ணீரில் விட்டார், ஊன்றவில்லை. படகு தானாகப் போகிற வேகத்தில் போயிற்று. ரியாசுதீன் லுங்கியை மடித்துக் கட்டி ஏரிக்குள் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. கதவு இன்னும் திறக்கவில்லை.

கரையிலிருந்து ஒரு குரல்: "ரைட்டர் பாய்! ஒரே ஒரு மனு பாய்!"

அவர் திரும்பவில்லை. இடக்கையைப் பின்னால் கரைப் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மை காயாத வலக்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.