அண்ணி அளந்த எஞ்சின்

எங்கள் வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பைக் நிற்கிறது. அதன் எஞ்சின் தனியாக ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில், பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பைக்கைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். புருஷனுக்கு வந்த கிறுக்கை இந்தப் பொம்பளை பொறுத்துக்கொண்டு போகிறாளே என்று அவர்களுக்கு இரக்கம். அந்தக் கிறுக்கில் பாதி என்னுடையது என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. வண்டிகளுக்குப் போகும் இரும்பு வளையங்களை மைக்ரோமீட்டரில் அளந்து, நல்லதை ஒரு டிரேயிலும் ஆகாததை இன்னொரு டிரேயிலும் போடுவேன். பதினேழு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது, எண்பது மைக்ரான் இருக்கும். நாங்கள் ஐந்து மைக்ரானுக்குச் சண்டை போடுகிறவர்கள். எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, கம்ப்யூட்டர் தடவித்தடவித்தான் தெரியும். ஆனால் என் கை அளந்தால் அளந்ததுதான். வாழ்க்கையில் நான் திமிராகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அந்தச் சமயத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் இந்த பைக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அவர் ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கிக்கரை மிதித்தால் பாறையை மிதித்த மாதிரி இருந்தது. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

என்னைக் கேட்காமல் என் பெரிய அலுமினியக் குண்டானை எடுத்து, அதில் டீசல் ஊற்றி, பிஸ்டன் சிக்கியிருந்த சிலிண்டர் பேரலை ஊறப்போட்டார். ஒரு வாரம் கழித்து மரக்கட்டை வைத்துத் தட்டியதில் பிஸ்டன் வெளியே வந்தது. குண்டான் போனது போனதுதான். பேரலின் உள்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு இடைவெளி விட வேண்டும். இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் உப்பி மாட்டிக்கொள்ளும். கூடினால் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு புகை தள்ளும்.

“நீதாம்மா அளக்கணும். வேற எவனையும் நான் நம்ப மாட்டேன்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்கிற வேலை என்னவென்று அவர் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

பேரலை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொன்னேரியில் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் தகடு தகடாக இருக்கும் அதைப் பார்த்துவிட்டு எதிரில் இருந்த மீன்காரம்மா, “இன்னாமே இது, புது மாடல் இட்லி குண்டானா?” என்றாள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்ன எழுதுவது என்று தெரியாமல் ரிஜிஸ்டரில் ‘இரும்பு டப்பா – சொந்தம்’ என்று எழுதிக்கொண்டார். எங்கள் மேனேஜர் நல்ல மனுஷன், சாப்பாட்டு நேரத்தில் அளந்துகொள்ளச் சொன்னார்.

மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை. புதுப் பிஸ்டனையும் அளந்து, எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தேன். அவர் காக்களூரில் ஒரு பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தார். மறுபடி நான் சுமந்துகொண்டு போய் அளந்தேன். எண்பது மைக்ரான் இடைவெளி, ஆறு இடத்திலும். நோட்டில் எழுதிக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன், கம்பெனியில் போடுகிற மாதிரியே.

கம்பெனிப் பழக்கம் இன்னொன்றும் எனக்கு உண்டு. ஒரு போல்ட்டை முறையாக இறுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். பிறகு யாராவது கழற்றி மாட்டினால் கோடு ஒன்றோடொன்று சேராது, காட்டிக்கொடுத்துவிடும். அவர் இறுக்க இறுக்க நான் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு வந்தேன். “எஞ்சினுக்குப் பொட்டு வெச்சினு இருக்கா பாரு” என்று கிண்டல் பண்ணினார். சிரித்துக்கொண்டே கண்ணில் பட்டதற்கெல்லாம் கோடு போட்டேன்.

எஞ்சின் ஓடிய அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. அவரோடு வேலை செய்யும் மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிடுகிறவர்கள், எனக்குத் தம்பிகள் மாதிரி. ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கையைத் தூக்கி, “என் பொண்டாட்டி அளந்த எஞ்சின்டா இது” என்று கத்தினார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

புதிதாய்க் கடைந்த எஞ்சினை முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்ட வேண்டும், நாற்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது. உள்ளே பிஸ்டனும் பேரலும் ஒன்றுக்கொன்று பழகும்வரை விரட்டினால் இறுகிவிடும். ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பெரும்பாலும் இருவருமாகவே போவோம், பழவேற்காடு ரோட்டில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போகிற வேகத்தில்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் எஞ்சின் போனது.

அன்றைக்கு அவருக்கு லீவு, எனக்கு முதல் ஷிப்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் ஹாலில் எஞ்சினைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஜார் வரைக்கும்தான் போனதாகவும், மெதுவாகத்தான் போனதாகவும், திடீரென்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டதாகவும் சொன்னார். பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மேலிருந்து கீழே நகத்தால் பிறாண்டியது போல வரி வரியாக இருந்தது. இறுகியதற்கான அடையாளம்தான்.

“நான் அளந்ததுலதான் தப்பு” என்று நானாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த ஆயிலைத் துணியில் துடைத்தார். அப்புறம் என் தோளில் கையை வைத்து, “விடும்மா. மன்சனுக்குத் தப்பு வர்றது சகஜம். நான் இன்னா உன்ன திட்டவா போறேன்?” என்றார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். இப்படிப்பட்ட புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்றுகூட நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அந்த மூன்று பேரும் வந்தார்கள். வஞ்சிரம் வறுத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஒருவர், “அண்ணி, மீனு சரியாத்தான் கீது. அளந்து போட்ருந்தா தீஞ்சிருக்கும்” என்றார். இன்னொருவர், “அண்ணி அளந்த எஞ்சினு, அரை மைலு தாண்டாது” என்றார். பாட்டு மாதிரி ஆகிவிட்டது அது. வரும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர், “சும்மா இருங்கடா” என்பார், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பெனியில் என் கை நடுங்க ஆரம்பித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கடைந்து வந்த பேரல் வெயிலில், ரயில் பெட்டிச் சூட்டில் வந்ததே, அது ஆறுவதற்குள் அவசரப்பட்டு அளந்துவிட்டேனோ? சூடாக இருந்தால் இரும்பு விரிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். அப்படியே இருந்தாலும் பத்து மைக்ரான்தான் மாறும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு வளையத்தை ஒருமுறை அளந்துவிட்டு, டிரேயில் போட்டு, மறுபடி எடுத்து அளப்பேன். என் மேஜையில் மட்டும் டிரேக்கள் தேங்கி நின்றன. இன்ஸ்பெக்ஷனுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் ஆகச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டபோது, வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். பதினேழு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் ஆடிட்டுக்காக ஒரு சோதனை வைத்தார்கள். பத்து வளையங்கள், எது எந்த நம்பர் என்று நமக்குத் தெரியாது. மூன்று இன்ஸ்பெக்டர்கள் தனித்தனியே, ஒவ்வொருவரும் மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அளக்கிறவர் கையில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சோதனை. வேலையை விட்டு வெளியேதான் போகப்போகிறேன் என்று பயந்துகொண்டே செய்தேன். ரிசல்ட் வந்தபோது மேனேஜர் பேப்பரை என் முன்னால் வைத்தார். மற்ற இருவரையும்விட என் கைதான் நிலையாக இருந்தது. ஒரே வளையம் மூன்று முறை வந்தபோதும் ஒரு மைக்ரானுக்கு மேல் மாறவில்லை. “இந்தக் கையை வெச்சுக்கிட்டா இன்சார்ஜ் வேணாம்னீங்க?” என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறு ஒரு கேள்விதான் வந்தது. கை சரியென்றால், வீட்டில் நடந்தது என்ன?

மறுநாள் பேரலையும் பிஸ்டனையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கீறல் விழாத இடத்தில் வைத்து அளந்தேன். ஏசி ரூமில் இரண்டு மணிநேரம் ஆறவைத்துத்தான் அளந்தேன். எண்பது. திருப்பி அளந்தேன். எண்பது. நோட்டில் இருந்த அதே எண். அந்த இடைவெளியில் ஒரு எஞ்சின் பஜாருக்கு மெதுவாகப் போய் இறுகாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு பைக்கின் முன்னால் உட்கார்ந்து, நான் போட்ட மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்சக்கரத்தில், மீட்டருக்குப் போகும் கேபிளின் நட்டில் போட்ட கோடு சேரவில்லை. நட்டைச் சுற்றிலும் பிளையர் பல் பதிந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எவ்வளவு தூரம் போனாலும் மீட்டர் அசையாது. என் நோட்டும் அசையாது.

அவர் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டேன். “கேபிள கழட்டினது யாரு?”

“நாந்தான்” என்றார். “ஹைவேல ஆரம்பாக்கம் வரிக்கும் போனோம். நீ நோட்டு எய்திகினு கீறியே, மீட்டரப் பாத்தா கண்டுபுடிச்சிடுவேன்னு கழட்டிட்டேன். மத்த வண்டிங்க முந்தினு போச்சா, எனக்கும் கை சும்மா இருக்கல.”

“எவ்ளோ ஸ்பீடு?”

“தெரிலம்மா. மீட்ருதான் ஓடலியே.”

இத்தனை வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். “ரெண்டு மாசமா நான் செத்துகினு இருந்தேனே, பாத்துகினுதானே இருந்த?” என்றேன். நீங்க என்று கூப்பிட்ட வாயில் நீ வந்துவிட்டது, நான் திருத்திக்கொள்ளவில்லை.

“நீயே உன் தப்புன்னு சொல்லிகினியா... எனக்கு எப்பிடி வாயத் தொறக்கறதுன்னு தெரில. அப்பால நாளு போய்ட்சி.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் அவருக்குப் பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. “அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டா ஓடும். நீயே அளந்து குடு. நீ அளந்தா தப்பே வராது, எனக்குத் தெரியாதா?” என்றார்.

தெரிந்திருக்கிறது. நான் மேஜைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம், என் அளவு சரி என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் இவர். அவர் பொய் சொன்னதைக்கூட மறந்துவிடலாம். மன்னித்தாரே, அதை எப்படி மறப்பது? செய்யாத தப்புக்கு என்னை மன்னித்து, என் கண்ணீரையும் துடைத்துவிட்ட மனுஷன்.

ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று பேரும் சாப்பிட வருவார்கள். அவர்கள் முன்னால், தப்பு என்னுடையது இல்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அவமானம் நடந்த இடத்திலேயே அது துடைக்கப்பட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“அவனுங்ககிட்டியா? அவனுங்களுக்குத்தான் அப்பவே தெரியுமே. என்கூட வண்டி ஓட்டிகினு வந்ததே அவனுங்கதானே.”

ஒவ்வொரு ஞாயிறும் அந்த மூன்று பேரும் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ‘அண்ணி அளந்த எஞ்சின்’ என்று சொல்லிச் சிரித்தபோது, கோபித்துக்கொண்டால் என் வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.