பௌர்ணமி வாடகை

எங்கள் வீட்டில் மாதம் ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், என் கணவர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்து காக்கிச் சட்டைப் பையைப் பாயில் கவிழ்க்கும்போதுதான் பிறக்கும்.

திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு மற்ற நாட்களில் வருவது டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். கையில் நாலு காசு நிற்பது பௌர்ணமியில்தான். அன்றைக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து போலீஸ் விடுகிற இடத்தில் இறக்குவதும், சுற்றி முடித்துக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் இவருடைய வேலை. ஒரு நாள் முழுக்கத் தூக்கமே கிடையாது. அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் பௌர்ணமி சம்பளம் என்று பெயர்.

என்னுடைய வருமானத்துக்கு வேறு காலண்டர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். முகூர்த்தம் இருக்கிற மாதங்களில் மெஷின் ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் அதன் மேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டு, கிழிந்த பேன்டுக்கு ஜிப் வைத்துத் தருகிறேன் என்று தெருவில் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். கரன்ட் பில்லும் மகளின் ஸ்கூல் ஃபீஸும் இங்கிலீஷ் தேதிக்கு வரும். இந்த மூன்று காலண்டரையும் ஒரே வீட்டுக்குள் சண்டையில்லாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் குடும்பம் நடத்துவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போல.

பாங்க்கில் எனக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் நான் நம்புவது ரேஷன் அரிசி டிரம்மைத்தான். பௌர்ணமி சம்பளத்தில் வாடகை அன்றைக்கே போய்விடும். மீதியைப் பிரித்து, கேஸுக்கு ஒரு கவர், ஸ்கூலுக்கு ஒரு கவர், ஆட்டோ இன்சூரன்ஸுக்கு ஒரு கவர் என்று சுற்றி அரிசிக்குள் அடியில் புதைத்துவிடுவேன். மேலாக வைத்தால் கை சும்மா இருக்காது. முழங்கை வரைக்கும் அரிசியில் விட்டுத் துழாவ வேண்டும் என்றால், துழாவுகிற நேரத்துக்குள் பாதிச் செலவு தேவையில்லாதது என்று தெரிந்துபோகும். வாரம் தவறாமல் பஜ்ஜி கேட்கிற என் கணவர், அந்த டிரம்மைக் கல்நெஞ்சக்காரி என்பார். டிரம்மையா என்னையா என்று நான் விசாரித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டுக்கு உள்ளே, ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, ஹவுஸ் ஓனர் அம்மா கேட்ட முதல் கேள்வி வாடகையை எந்தத் தேதிக்குத் தருவோம் என்பதுதான்.

"பௌர்ணமிக்கு மறுநாள் தந்துடறேங்க" என்றேன்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் தலையாட்டினார். கணவரை இழந்தவர். மாடியில் ஒரு பக்கம் அவர் குடியிருந்துகொண்டு, மறுபக்கம் இரண்டு ரூமை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு வந்தார். அந்த ரூம்களும் பௌர்ணமிக்குத்தான் நிரம்பும். அவருக்கும் மாதம் எங்களைப் போலத்தான் பிறந்தது.

"சரி, பௌர்ணமிக்கே குடு. ஆனா ஒண்ணு. ஒரு வாடகை தவறுனாலும் பேச்சே இல்லாம காலி பண்ணிடணும். அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கனு மட்டும் எங்கிட்ட சொல்லக் கூடாது" என்றார். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அப்படிச் சொல்லிச் சொல்லியே அட்வான்ஸ் முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்களாம். எழுத்து ஒன்றும் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், இவர் குளித்துவிட்டு வருவதற்குள் பணத்தோடு மாடியேறிவிடுவேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாக நாள் வாடகைக்கும் வருஷ வாடகைக்கும் வெளியூர்க்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆந்திராவிலிருந்து வந்து தங்கி மலை சுற்றுகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு இரண்டு பங்கு கொடுக்க அவர்கள் தயார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் பணம் இருந்தால் நானும் கொடுப்பேன். ஆனால் இந்த வீடு போய்விட்டால், எங்கள் வருமானத்துக்கு ஊருக்கு வெளியே வேங்கிக்கால் தாண்டி எங்காவதுதான் கிடைக்கும். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடுவாள். டியூஷன் எடுக்கிற டீச்சர் வீடு அடுத்த தெரு, அந்த டீச்சர் எங்களிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. பரீட்சை வரைக்கும் இந்த வீட்டை விடக் கூடாது. எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்த மார்கழியில், பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆட்டோ நின்றுவிட்டது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்ஜின் இறக்கணும் என்று சொன்னார். ஆட்டோ வைத்திருக்கிற வீடுகளில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் சோறு இறங்காது. நான் முழங்கை வரை கையை விட்டு எல்லாக் கவரையும் எடுத்தேன். கேஸ், ஸ்கூல், இன்சூரன்ஸ் எல்லாம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போயின. அப்படியும் ஸ்பேர் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. பௌர்ணமிக்கு ஆட்டோ கிடைக்காது என்று உறுதியாயிற்று. பௌர்ணமி இல்லை என்றால் சம்பளம் இல்லை. மார்கழி என்பதால் என் மெஷினும் புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

தண்டலுக்கு வாங்கலாம் என்று இவர் ஒரு தடவை சொன்னார். நான் முறைத்த முறையில் மறுபடி சொல்லவில்லை. காலையில் வாங்கிய பணத்துக்கு மறுநாள் காலையிலிருந்து வாசலில் வந்து நிற்பார்கள். எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். என் செயின் ஏற்கெனவே ஆட்டோவுக்காக பாங்க்கில் இருந்தது. மிச்சம் பிடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. பால் அரை லிட்டர் கால் லிட்டராகி, பெரியவர்களுக்குக் கட்டங்காப்பி ஆயிற்று. காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கிற கறிவேப்பிலையை நம்பியே துவையல் அரைத்தேன்.

"இன்னிக்கும் புளிக்குழம்பாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"நேத்து வெச்சது கத்திரிக்கா புளிக்குழம்பு. இன்னிக்கு வெச்சது கத்திரிக்கா இல்லாத புளிக்குழம்பு. வேற வேற."

சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். அதிகம் கேட்கிற பெண் இல்லை. அதுதான் எனக்கு வேதனை. எப்படி இழுத்துப் பிடித்தும், பௌர்ணமி அன்று என் கையில் வாடகையில் கால்வாசிகூடச் சேரவில்லை.

எல்லாப் பௌர்ணமிக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கு லீவு. கிரிவலப் பாதை முழுக்க அன்னதானம் நடக்கும். நானும் மகளும் ஒரு தூக்கோடு போய் சாம்பார் சாதமோ புளியோதரையோ வாங்கி வந்துவிடுவோம். அந்தப் பௌர்ணமிக்கும் வாங்கி வந்தோம். இவர் வீட்டிலேயே இருந்தார். வாசலில் ஜனங்கள் போகிற சத்தம் கேட்கக் கேட்க, அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இந்த ஊரில் பௌர்ணமி சாயங்காலம் பனியனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆட்டோக்காரர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

நான் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அவராகவே எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னா இப்ப? ஒரு பௌர்ணமி போச்சு, அவ்ளோதான. இந்த வருசம் பதிமூணு பௌர்ணமி வந்துச்சு. அதுல ஒண்ணு வரலைன்னு நெனச்சுக்கோ."

"பதிமூணா?"

"ஆமா. ஆகஸ்ட்ல ஸ்கூல்ல கொடி ஏத்துனாங்களே, அந்த மாசம் ரெண்டு வந்துச்சு. ஆரம்பத்துல ஒண்ணு, கடைசில ஒண்ணு. அந்த மாசம் எனக்கு முதுகே போச்சு. மறந்துட்டியா?"

தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது. இவருக்கு அது கூடுதலாகக் கிடைத்த ஒரு சம்பளம். ஆனால் நான் இரண்டு பௌர்ணமிக்கும் மறுநாள், ஒன்றும் யோசிக்காமல், மாடியேறி வாடகை கொடுத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு இரண்டு வாடகை. புளி வாங்கும்போதுகூட கடைக்காரரின் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அதே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. கையைக் கழுவிவிட்டு நேராக மாடிக்குப் போனேன்.

ஓனர் அம்மா வராந்தாவில் உலர்ந்த பெட்ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். ரூம் இரண்டும் நிரம்பியிருந்தன. நான் சுற்றி வளைக்கவில்லை. ஆட்டோ நின்றதைச் சொன்னேன். நாளைக்குப் பணம் இல்லை என்பதையும் சொன்னேன். பிறகு, கொடி ஏற்றிய மாதத்தில் இரண்டு வாடகை கொடுத்ததைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன். அவர் இடத்தில் நான் இருந்து, ஒருத்தி தானாகப் படியேறி வந்து பணத்தை நீட்டினால், நீ தப்பாகக் கொடுக்கிறாய் என்று நான் சொல்லியிருப்பேனா என்றும் ஒரு நினைப்பு வந்தது. சந்தேகம்தான்.

"நீதான பௌர்ணமிக்கு பௌர்ணமி தர்றேன்னு சொன்ன. நானா கேட்டேன்? உங்க வூட்டுக்காரருக்கும் அந்த மாசம் ரெண்டு வரும்படி வந்துச்சு இல்ல?"

"அது அவர் ரெண்டு நாள் தூங்காம ஓட்டுனதுங்க. வீடு அந்த மாசமும் ஒரு மாசம்தான நின்னுச்சு?"

அவர் இன்னொரு பெட்ஷீட்டை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் இழுத்து உதறி, கிட்டே வந்து, மடித்தோம். இப்படியே எல்லாவற்றையும் மடித்து முடித்தோம். கடைசியில் அவர் சொன்னார்.

"எனக்கும் இது ஒண்ணுதாம்மா வருமானம். மாத்திரைக்கே பாதி போயிடுது. அந்த புரோக்கரு தெனம் போன் பண்றாரு, ஆந்திராக்காரங்க ஒரு வருச வாடகைய மொத்தமா குடுக்கறாங்கன்னு. நீ வாடகை தவறுனா சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன். யோசிக்கறேன், போ."

கீழே வந்து இவரிடம் சொன்னேன். மகள் அன்னதானச் சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் இல்லை, நீ படி என்றேன். எந்தச் சாமானை முதலில் கட்ட வேண்டும், மெஷினை எப்படிக் கொண்டுபோவது, டியூஷன் டீச்சரிடம் என்ன சொல்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது. செலவுக்குப் பயந்து பழகியவள்தான் நான். ஆனால் இந்தப் பயத்தைச் சுருக்கிக் கட்ட வழி இல்லை.

மறுநாள் காலை வழக்கமாக நான் மாடியேறுகிற நேரம். நான் ஏறவில்லை. உலை வைப்பதற்காக டிரம்மின் மூடியைத் திறந்து அரிசி அளந்துகொண்டிருந்தேன். மகள் முன்னறையில் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்வதென்றால் அவளுக்குச் சத்தம் வேண்டும். கேட் திறக்கிற ஓசை கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புரோக்கர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் எங்கள் வீட்டு வாசலையும் மேலே தெரிகிற மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல மனுஷர்கள் மாதிரிதான் தெரிந்தார்கள். மாடிப்படியில் ஓனர் அம்மா இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்குத்தான வாடகை நாளு? இன்னா ஆச்சும்மா, வந்துச்சா இல்லையா?" என்று புரோக்கர் கேட்டார்.

மகள் படிக்கிற சத்தம் நின்றுவிட்டது. என் கை முழங்கை வரைக்கும் அரிசிக்குள் இருந்தது. உள்ளே ஒரு கவர்கூட இல்லை என்று தெரிந்தும், எதையோ பிடித்துக்கொள்கிற மாதிரி விரல்களை மூடிக்கொண்டேன்.

"வந்துடுச்சுப்பா" என்றார் ஓனர் அம்மா. "முன்னாடியே வந்துடுச்சு. வூடு காலி இல்ல."

கேட் மூடுகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க இன்னொரு கை இருப்பதே மறந்துவிட்டது. முன்னறையில் மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, நிறுத்திய வரியிலிருந்தே மறுபடியும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.