கசகசாப் பால்

ஆரணியில் பட்டு நெய்கிற பெண்ணுக்கு இரண்டு கை போதாது. தறிக்குழியில் கால் இரண்டும் மிதிமேல் இருக்கும். ஒரு கை ஊடு நூல் கோத்த நாடாவை ஓட்டும், இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கும். இதற்கு நடுவே தூளியில் கிடக்கிற பிள்ளை வீறிட்டால் எந்தக் கையால் தூக்குவது? ஹேமலதாவுக்கு இந்தக் கேள்வி வந்தது 2006-ம் வருஷம், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகித் தறியில் திரும்ப உட்கார்ந்த அன்று. அந்தத் தெருவில் அவளுக்கு முன்னால் பிள்ளை பெற்ற அத்தனை பேருக்கும் வந்த கேள்விதான். அதனால் பதிலும் தயாராக இருந்தது.

கசகசா. குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற அதே கசகசா. ஒரு ஸ்பூன் எடுத்து ஊறவைத்து, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பாலில் கலந்து கொடுத்தால் பிள்ளை மூன்று மணி நேரம் அசையாது. மாமியார் ஜெயம் அதை ஒரு தடவைதான் செய்து காட்டினாள். கெட்ட எண்ணம் அவளுக்கு எள்ளளவும் கிடையாது. அவள் பெற்ற நாலும் கசகசாப் பால் குடித்து வளர்ந்ததுதான், நாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் மூத்தவன், ஹேமலதாவின் புருஷன் ராஜ்குமார், துபாயில் ஏ.சி. மெக்கானிக்.

ஹேமலதா பதினாலு வயசில் தறியில் உட்கார்ந்தவள். கை சுத்தம். அவள் நெய்த சேலையில், கூலி கொடுத்து நெய்யச் சொல்கிற மேஸ்திரி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஓர் இழை விட்டுப்போயிருக்காது. கல்யாணம் ஆன வருஷமே புருஷன் துபாய்க்குப் போனான், மறுவருஷம் ஒரு மாத லீவில் வந்து போனான். பிள்ளை பிறந்ததை அவன் போனில்தான் கேட்டான். பெயர் தர்ஷினி என்று அவன்தான் வைத்தான், அதுவும் போனில்தான். ஐந்து மாதமாகியும் தன் பிள்ளையை அவன் கண்ணால் பார்க்கவில்லை. மாதம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவார்கள். போட்டோவில் குழந்தை எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று மணி நேரம் தூங்குகிற பிள்ளை பால் கேட்காது. கேட்காத பால் சுரக்காது. மூன்றாம் மாதமே ஹேமலதாவுக்குப் பால் சுண்டிப்போனது. தன் உடம்புதான் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள், பசும்பாலில் தண்ணீர் கலந்து பாட்டிலுக்கு மாறினாள். கசகசாவும் பாட்டிலுக்கு மாறியது. நாளுக்கு இரண்டு வேளை.

ராஜ்குமார் முட்டி மோதி அவளுக்கும் பிள்ளைக்கும் விசிட் விசா வாங்கினான். பிள்ளையின் பாஸ்போர்ட் வர நாளாகிவிட்டது. வந்து சேர்ந்தபோது விசாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அந்த மூன்று நாளுக்குள் துபாயில் இறங்காவிட்டால் விசா வீண், மறுபடி விண்ணப்பிக்கவேண்டும், கம்பெனிக்காரன் இன்னொரு தடவை கையெழுத்துப் போடுவானா என்பது சந்தேகம். எனவே ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியான விமானத்துக்கு விடிகாலையிலேயே டாக்சி வைத்துக் கிளம்பினார்கள். விமான நிலையம் வரைக்கும் துணைக்கு அண்ணன் ஹேமநாத் வந்தான்.

கிளம்புமுன் ஹேமலதா இரண்டு காரியம் செய்தாள். கால் கிலோ கசகசாவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, கழிவுப் பட்டு நூலால் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுப் பெட்டியில் வைத்தாள். நெசவு வீட்டில் பொட்டலம் கட்ட வேறு நூலுக்கு எங்கே போவது? அடுத்தது, விமானத்தில் பிள்ளை அழுது நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று, பாட்டில் பாலில் ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூனாகக் கலந்தாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகவே செய்ததுதான்.

அந்த மாதம் உலகத்தில் எல்லா விமான நிலையமும் தண்ணீரைக் கண்டு பயந்துகொண்டிருந்தது. லண்டனில் யாரோ சிலர் குளிர்பான பாட்டிலில் வெடிமருந்து கொண்டுபோகத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்களாம். அதன் பலன் மீனம்பாக்கம் வரைக்கும் வந்து சேர்ந்தது. தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, ஊறுகாய் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் மட்டும் கொண்டுபோகலாம், ஆனால் தாய் அதைச் சோதனைக்காரர் முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும்.

பெட்டியைப் போட்டாயிற்று, பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்தியாயிற்று. பெண்கள் வரிசையில் சோதனைக்கு நின்றவள் பெயர் இவாஞ்சலின் என்று சட்டையில் குத்தியிருந்தது. நாற்பது வயசு இருக்கும். மாற்றி மாற்றிப் பைகளைத் துழாவி அலுத்த முகம். ஹேமலதாவின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டி, ஒரு வாய் குடிக்கச் சொன்னாள்.

ஹேமலதா பாட்டிலை வாங்கினாள். குடிக்கவில்லை.

எச்சில் ஆகிவிடுமே என்றாள். கையில் ஊற்றிக் குடியென்று பதில் வந்தது. இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். அது பொய். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். இரண்டு ஸ்பூன் போட்ட பால். விடிகாலையில் எழுந்த உடம்பு, வெறும் வயிறு. குடித்துவிட்டு விமானத்தில் கண் சொக்கிப் பிள்ளையை மடியிலிருந்து நழுவவிட்டால்? இதைத்தான் அவள் நினைத்தாள். நினைத்த அந்த நொடியிலேயே வேறொன்றும் உறைத்தது. ஒரு வாய் குடிக்கத் தனக்கே இத்தனை பயமாக இருக்கிற பாலை, முழு பாட்டிலாக அந்த ஐந்து மாதப் பிஞ்சுக்குக் கொடுக்கத் தனக்குப் பயமே வரவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

குடிக்கத் தயங்குகிற தாயை எந்தச் சோதனைக்காரி விடுவாள்? இவாஞ்சலின் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் மாவு போல ஏதோ படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது கசகசா. எந்த ஊரு நீ?"

"ஆரணிங்க."

"எனக்குக் களம்பூர். ஃப்ளைட்டு எங்க போவுது?"

துபாய் என்றதும் இவாஞ்சலின் வரிசையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அவள் தம்பி ஷார்ஜாவில் டிரைவர். அவன் அறையில் இருந்த ஓர் ஆளுக்கு ஊரிலிருந்து வந்த மசாலாவில் கசகசா இருந்ததாம். அந்த ஊரில் அது அபின் செடியின் விதை, போதைப்பொருள் கணக்கு. துணியில் ஒட்டியிருந்த விதைக்காகக்கூடப் பிடித்துப் போகிறார்கள். அந்த ஆள் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நிஜத்தச் சொல்லு. வேற எங்கனா வச்சிகினு இருக்கியா?"

பெட்டி உள்ளே போய்விட்டது. அதில் இருப்பது அவளைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. இல்லை என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் முக்கால் மணி நேரத்தில் விமானம், சாயங்காலம் ராஜ்குமார். இருக்கிறது என்றால் பெட்டியை எடுக்கவேண்டும். எடுப்பதற்குள் நேரம் போனால் விமானம் போய்விடும், அதோடு விசாவும் போய்விடும். மாட்டவும் மாட்டாது, எத்தனையோ பேர் கொண்டுபோகிறார்கள் என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. மாட்டினால் தான் ஜெயிலுக்கு, பிள்ளை யாரிடம் என்று இன்னொரு பக்கம் கேட்டது.

"பெட்டில கீதுக்கா," என்றாள்.

விமானக் கம்பெனிப் பையன் ஒருவன் வயர்லெஸ்ஸில் கத்தினான். பெட்டியைத் தேடி எடுக்கச் சொல்கிறேன், ஆனால் விமானம் காத்திருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். பிள்ளைக்குப் பசி நேரம். காலையில் கொடுத்த பாலின் மயக்கமும் தெளிந்து, சிணுங்க ஆரம்பித்திருந்தது. பாட்டில் பாலை இவாஞ்சலின் கொட்டிவிட்டாள், பாட்டிலையும் குப்பையில் போட்டாள். இருபது நிமிஷம் கழித்துக் கீழே ஒரு கொட்டகையில் பெட்டி வந்து நின்றது. ஹேமலதா பிள்ளையைத் தோளில் போட்டபடியே ஒரு கையால் பூட்டைத் திறந்தாள்.

பட்டு முடிச்சு வழுக்கிவிட்டிருந்தது. அது வழுக்கும் என்று பதினாலு வயசிலிருந்து அவளுக்குத் தெரியும். பொட்டலம் பிரிந்து, கால் கிலோவும் பெட்டி முழுக்க இறைந்து கிடந்தது. பிள்ளையின் சட்டைகளில், ராஜ்குமாருக்கு எடுத்த வேட்டியில், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அரக்குச் சேலையில். மேஸ்திரிக்கு நெய்தது போக, மிச்ச நேரத்தில் தனக்கென்று அவள் நெய்துகொண்ட சேலை அது. பிள்ளை தூளியில் தூங்கத் தூங்க, மூன்று மாதமாக நெய்தது. துபாயில் இறங்கி முதல் வெள்ளிக்கிழமை கட்டிக்கொள்ள வைத்திருந்தாள். அவள் அதை எடுத்து உதறினாள். விதைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மறுபடி உதறினாள். மறுபடியும் உதிர்ந்தன. மூன்றாம் தடவை உதறியபோதும் ஜரிகையில் நாலைந்து ஒட்டிக்கொண்டு நின்றன.

பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றான் கம்பெனிப் பையன். இவாஞ்சலின் சேலையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"இது போவாதும்மா. எதையும் எடுத்துகினு போவாத. வெளிய யார் வந்துகிறாங்க?"

அண்ணன் வெளியில் நிற்கிறான் என்றாள். பெட்டியை அவனிடமே ஒப்படைத்துவிடுவதாக இவாஞ்சலின் சொன்னாள். பிறகு ஹேமலதாவின் முந்தானையை உதறவைத்தாள், நகக்கண்ணைக்கூடப் பார்த்தாள், பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துண்டு கொண்டுவந்து சுற்றினாள். பாலை வடிகட்டிய துணி இருந்த கைப்பையும் பெட்டியோடு போயிற்று. பாஸ்போர்ட், டிக்கெட், பிள்ளை. இந்த மூன்றோடு ஹேமலதா ஓடினாள். கடைசி ஆளாக ஏறினாள்.

விமானம் மேலே எழும்பியபோது பிள்ளை அழுதது. பணிப்பெண் கிண்ணத்தில் மாவுப் பால் கலக்கிக் கொண்டுவந்தாள். அந்தப் பால் பிள்ளைக்குப் பழக்கமில்லை, ஸ்பூனும் பழக்கமில்லை. துப்பியது. ஹேமலதா வெட்கத்தை விட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டு மார்பில் விட்டாள். பிள்ளை வெறியோடு கவ்வி உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து அழுதது. மறுபடி கவ்வியது. எதிர் வரிசை ஆள் திரும்பிப் பார்த்தான், பக்கத்து ஆள் காதில் பஞ்சு வைத்தான். இந்த நாலு பேருக்குப் பயந்துதானே இரண்டு ஸ்பூன் போட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

நாலு மணி நேரம் அப்படியே போனது. நடுநடுவே பிள்ளை அழுகையை நிறுத்தி அகலமாகக் கண்ணைத் திறந்து பார்க்கும். அந்தக் கண்ணை இத்தனை நேரம் சேர்ந்தாற்போல ஹேமலதா பார்த்ததே இல்லை. இடது கண்ணின் வெள்ளையில் ஓரமாக ஒரு சின்ன மச்சம் இருந்தது. பெற்று ஐந்து மாதம் ஆகியும் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நெய்த துணியில் ஓர் இழை பிசகினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவளுக்கு! தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சுங்கச் சோதனையில் நாய் வைத்து மோப்பம் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, ரவிக்கையின் தையல் ஓரங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பால் வராத மார்பைப் பிள்ளை விடாமல் இழுத்ததில், இறங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று சொட்டு ஊறியது. அதற்கே பிள்ளை கொஞ்சம் அடங்கியது.

துபாயில் இறங்கியதும் பெட்டி எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்று கையை விரித்தாள். வெறுங்கையோடு வருகிறவளைச் சந்தேகப்பட்டு ஓர் அம்மாள் தனியறையில் வைத்துத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். பிள்ளையின் துண்டை விரித்து உதறினாள். ஹேமலதா தரையையே பார்த்தாள். துண்டிலிருந்து ஒன்றும் உதிரவில்லை. போகச் சொன்னார்கள்.

வெளியே தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜ்குமார் நின்றான். ஓடிவந்து பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கினான். அது அவனைப் பார்த்து, தொண்டை கட்டிய குரலில் மறுபடி பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தது. ஏந்தவும் தெரியாமல் தோளில் சாய்க்கவும் தெரியாமல் அவன் தடுமாறினான். துண்டில் சுற்றிய பிள்ளை, பெட்டி இல்லாத பெண்டாட்டி. எதை முதலில் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னா ஹேமா, கொயந்த இப்பிடி அழுவுது? ஒடம்பு கிடம்பு செரியில்லியா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லங்க," என்றாள் ஹேமலதா. "முழிச்சிகினு இருக்கா."

சொல்லிவிட்டு, அவ்வளவு பேர் பார்க்க, அவளும் அழுதாள்.