நாற்பது பல் குதிரை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சித்தப்பா வேலையை விட்டுக் கிளம்பினார். இருபத்தாறு வருடம் ஒரு பல் மருத்துவருக்குப் பொய்ப்பற்கள் செய்து கொடுத்தவர், தன் சின்னக் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, "இனிமே மனுஷ வாய்க்கு நான் உழைக்கிறதா இல்ல" என்று அறிவித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். நான்கு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கியதும் அன்றுதான். ஒருவரும் கவனிக்கவில்லை. அவருடைய வருகை அவ்வளவு கம்பீரம்.

எல்லாம் குதிரையேற்றப் பள்ளிக்காரரால் வந்தது. சித்தப்பா செய்த பல் செட்டில் மயங்கிப்போய், பள்ளி வாசலில் வைக்க இடுப்புயரக் களிமண் குதிரை ஒன்று கேட்டிருந்தார். சூளையில் சுட்டு முழுசாக வந்தால் வாசலில் நிற்கும், அடியில் சித்தப்பாவின் பெயரோடு. இத்தனை வருடம் செய்த பற்களில் ஒன்றில்கூடப் பெயர் போட முடியாத மனிதருக்கு இது போதாதா?

குதிரையின் வாய்க்குள் நாற்பது பல்லையும் அளவெடுத்துச் செதுக்கினார். பிறகு வாயை மூடிவிட்டார்.

"உள்ள பல் இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் சித்தி.

"குதிரைக்குத் தெரியும்டி."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க."

சூளைக்காரர் வந்து குதிரையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "என்ன சார், உள்ள கெட்டியா இருக்கு? இப்படியே சுட்டா வெடிச்சிரும். அறுத்து, குடைஞ்சு, திரும்ப ஒட்டணும். உடம்பு, தலை ரெண்டையும்."

இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்தான். ஆனால் மேதைக்கு யோசனை சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

சித்தப்பா கம்பியால் வயிற்றை அறுத்துக் கரண்டியால் மண்ணை வழித்தார். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"தலையைக் குடைஞ்சா பல்லு போயிரும்."

"தலையே போயிருமே, சித்தப்பா."

"நீ நாலு ஊரைப் பார்த்திருக்கலாம். நாலு பல்லைப் பார்த்திருக்கியா?"

நானும் குதிரையைப் போல வாயை மூடிக்கொண்டேன். மண் காய்வதற்குள் எனக்குக் கால் அரித்தது. மறுபடி மூட்டையைக் கட்டினேன்.

ஐந்து மாதம் கழித்துச் சித்தியிடமிருந்து செய்தி வந்தது:

"தலை வெடிச்சிருச்சு. உடம்பு முழுசா இருக்கு. பள்ளிக்காரருக்குத் தலையோடதான் வேணுமாம், ஆசையப் பாரு. உங்க சித்தப்பா ரெண்டு வாரமா வெடிச்ச துண்டுகள்ல பல்லைத் தேடிக்கிட்டிருந்தார். நேத்து புதுத் தலை பிடிச்சு, நாப்பது பல்லும் வச்சு முடிச்சார். இன்னிக்குக் கம்பியை என் கையில குடுத்து, 'நீயே அறு'ன்னுட்டு சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டார். அறுத்துட்டேன்."