சிவப்பு-மஞ்சள் ஆகாது

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் காலி அட்டையை நீட்டி, "இதே மாதிரி குடுங்க" என்பார்கள். பொத்தான் மாஸ்டர் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது தையல்கடைச் சாம்பிள் அட்டை ஒன்றை நீட்டி, "இது மாதிரி இல்லாம குடு தம்பி" என்றார்.

அட்டையில் பொத்தான் வரும் சின்னப் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். அதற்குள் ஒரே ஒரு கேப்சூல். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். மேலே ஏதாவது எழுத்து இருந்திருந்தால் அது எப்போதோ தேய்ந்து போயிருந்தது.

"வீட்டுல அவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். நல்ல ஆன்டிபயாடிக்கா ஒண்ணு குடு. இது மட்டும் வேணாம். முன்னாடி ஒரு தடவை போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"சாம்பிளே கொண்டாந்திருக்கேன், அப்புறம் சீட்டு எதுக்கு?"

"சரி, இந்த கேப்சூல் பேராவது தெரியுமா?"

"பேரு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் தம்பி. கலர் மாறுமா?"

நடப்பது இதற்கு நேர் தலைகீழ். ஒரே மருந்து ஒரு கம்பெனியில் சிவப்பு-மஞ்சளாக வரும், இன்னொரு கம்பெனியில் வெள்ளை மாத்திரையாக வரும், குழந்தைகளுக்கு இனிப்பு மருந்தாகப் பாட்டிலில் வரும். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயர் மட்டும் மாறாது. இதையெல்லாம் நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை, டாக்டர் பார்த்துச் சொல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ மண்டைக்குள் இறங்குகிறது என்று நினைத்தேன்.

"கோட்டு தோள்ல தொங்குது," என்றார். "படிச்ச புள்ள போடுற கோட்டா இது? யாரு தைச்சது? கழட்டிக் குடு."

நான் பட்டம் வாங்கியபோது அப்பா ஊரிலிருந்து வந்து எடுத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு அது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கோட்டு போட்டதில்லை. அளவு பார்த்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியதாக இருந்தால் நல்லது என்று அப்பா நினைத்திருக்கிறார்.

மருந்து கொடுக்காமல் அனுப்பினேன். கோட்டை வாங்காமல் அவர் போகவில்லை.

அவர் கடை அதே தெருவில், எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூடச் சீருடையும் ஆபீஸ் பேன்ட்டும் தைப்பார். உள்ளே இரண்டு மிஷின். ஒன்றில் அவர், இன்னொன்றில் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி. காலரும் பாக்கெட்டும் அவர் வேலை. காஜா எடுப்பது, ஓரம் அடிப்பது, பொத்தான் தைப்பது அக்கா வேலை. சுவரோடு சுவராக மரத்தில் குட்டிக் குட்டி இழுப்பறைகள், எல்லாம் பொத்தான். எந்த அறையிலும் சீட்டு ஒட்டவில்லை. அறுந்துபோன பொத்தானுக்கு ஜோடி வேண்டும் என்று யாராவது வந்தால், சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே கையை நீட்டிச் சரியான அறையை இழுப்பார். நீலத்தில் பத்து நீலம் பிரிப்பார். துணியை வீட்டில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் நூல் வாங்கி வந்தாலும் அச்சு அசலாக ஒத்துப்போகும். பொத்தான் மாஸ்டர் என்ற பெயர் சும்மா வரவில்லை. துணி விஷயத்தில் அந்தக் கண் தப்புப் பண்ணி யாரும் பார்த்ததில்லை. தொல்லையே அதுதான்.

கோட்டை வாங்கப் போன அன்றைக்கு, எனக்குத் தைத்த பொத்தானில் ஒன்று கூடுதலாகத் தருகிறேன் என்று கீழ்வரிசையில் ஓர் அறையை இழுத்தார். தவறி, பக்கத்து அறையும் சேர்ந்து வந்தது. உள்ளே மாத்திரைகள். அட்டையிலிருந்து உரித்து எடுத்து, நிறம் வாரியாக, அளவு வாரியாகத் தடுப்புப் போட்டு அடுக்கியிருந்தார். வெள்ளையில் வட்டம் தனி, நீட்டம் தனி. இளஞ்சிவப்பு தனி.

"இது என்ன மாஸ்டர்?"

"மிச்சம். தெருவுல யாராவது உடம்பு நல்லாயிட்டா மீதியை இங்க குடுத்துடுவாங்க. அடுத்தவனுக்கு உதவும்ல. தொண்டைக்கு இது. வயித்துக்கு அது. காயத்துக்கு அந்த நீட்டம்."

அட்டை இல்லை, பெயர் இல்லை, எப்போது கெட்டுப்போகும் என்ற தேதி இல்லை. சர்க்கரை மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் ஒரே தடுப்பில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன.

"நல்லாயிடுச்சுன்னு மாத்திரையைப் பாதியில நிறுத்துறதே தப்பு. டாக்டரைக் கேட்காம நிறுத்தக் கூடாது. அந்தப் பாதியை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்குறது அதைவிடப் பெரிய தப்பு. அவங்களுக்கு என்ன நோய், எது சேரும், எது சேராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியாதா?"

மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொன்னார்: "விடு தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்லாததையா நீ சொல்லப் போற. டாக்டர் கிட்டப் போனா, ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மான்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவரு அட்டையை எடுத்து நீட்டி, சிவப்பு-மஞ்சள் ஆகாதும்பாரு. அவங்களும் சிரிச்சுட்டு எதையோ எழுதுவாங்க."

"தப்பா ஏதாவது ஆச்சா இதுவரைக்கும்?" என்றார் மாஸ்டர், கோட்டை உதறிக்கொண்டே.

அந்தக் கேப்சூலைக் கொடுத்த டாக்டரிடம் கேட்டாலாவது பெயர் தெரியுமே என்று பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டாராம். பென்சிலின் குடும்பத்து மருந்தாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, எந்த டாக்டரிடம் போனாலும் அந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா பென்சிலின், பென்சிலின் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் கோட்டை என் தோளில் போட்டு, பின்னால் நின்று பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். கோட்டு எனக்கென்றே வார்த்தது போல் உட்கார்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் அந்த இழுப்பறையைக் காலி செய்யச் சொல்லி நான் போகும்போதும் வரும்போதும் நச்சரித்தேன். "ஆகட்டும் தம்பி" என்பார். அவர் "ஆகட்டும்" என்றால் ஆகாது என்று தெருவுக்கே தெரியும்.

அந்த ஆண்டு பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர் டாக்டர் சீட்டோடு வந்தார். காதில் சீழ். சீட்டில் எழுதியிருந்தது அமாக்சிசிலின். பென்சிலின் குடும்பத்துப் பிள்ளைதான். வெள்ளை, நீட்டம். முழுசாக முடியுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். "நீ சொன்னா சரி தம்பி" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். காது வலி நின்றதும் மீதியை நேராகக் கொண்டுபோய் மாஸ்டரின் இழுப்பறையில் சேர்த்துவிட்டார்.

சீருடைக் கூட்டம் நெரிந்த நேரத்தில் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பக்கம் ஈறு வீங்கியது. பல் டாக்டர் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். "பல்லைப் புடுங்கணும்னா புடுங்கிட்டுப் போறாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. இழுப்பறையை இழுத்தார். வீக்கத்துக்கு எது என்று பார்த்தார். சாம்பிள் அட்டையைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் ஒப்பிட்டார். நிறம் வேறு, வடிவம் வேறு, இது கேப்சூலே இல்லை. திருப்தியோடு தண்ணீரும் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தெருவைக் கடந்து என் கடைக்கு வருவதைப் பார்த்தேன். அக்கா கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார். உதடு வீங்கியிருந்தது, பல் வீக்கம் இல்லை, இரண்டு உதடும். முகமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. குரல் கரகரத்தது, மூச்சில் விசில் சத்தம்.

மாஸ்டர் அட்டையை நீட்டினார். "பார்த்துத்தான் குடுத்தேன் தம்பி. இதோட ஒரு நூல்கூட ஒத்துப்போகல பாரு."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"இஸ்திரிக்காரரு குடுத்தது. வெள்ளை, நீட்டம்."

அமாக்சிசிலின். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெருவில் போன வண்டியை மறித்தேன். அக்காவை ஏற்றி உட்கார வைத்துத் திரும்பினால் மாஸ்டரைக் காணோம். தன் கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

"இஸ்திரிப் பொட்டி சூட்டுல இருக்கு தம்பி, துணி மேல."

மூச்சு விட முடியாத அந்த நிலையிலும் அக்கா வண்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "அது எரிஞ்சா எரியட்டும். வந்து ஏறுய்யா."

ஏறினார். வழி நெடுக அக்காவின் மூச்சைத்தான் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த விசில் மெலிந்துகொண்டே வந்தது. சத்தம் குறைவது நல்லதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. குறைகிறது என்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டாங்க?"

மாஸ்டரின் கை தானாக அட்டையை நீட்டியது. நான் குறுக்கே புகுந்து பெயரைச் சொன்னேன். இஸ்திரிக்காரருக்கு என் கையால் எடுத்துக் கொடுத்த மருந்து என்பதால்தான் சொல்ல முடிந்தது. அந்த இழுப்பறையில் வேறு எந்தத் தடுப்பிலிருந்து எடுத்திருந்தாலும் நானும் அவரைப் போலத்தான் வெள்ளை, நீட்டம் என்று நின்றிருப்பேன்.

தொடையில் ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். விசில் திரும்ப வந்தது, அப்புறம் அடங்கியது, அப்புறம் அக்கா இருமி, "தண்ணி" என்றார். அடங்கினாலும் திரும்ப வரலாம், இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். "முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

"தடிப்பு மட்டும் வந்துச்சும்மா. அது சிவப்பு-மஞ்சள்."

"அதுவும் இந்தக் குடும்பமாத்தான் இருக்கும். அப்போ தோலோட போச்சு. இந்தத் தடவை மூச்சுக்குழாய் வரைக்கும் வந்திருக்கு. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுங்கறாங்களே தம்பி."

"உள்ள இருக்குற மருந்து ஒரே வகை மாஸ்டர். மேல இருக்குற நிறம் கம்பெனிக்காரன் விருப்பம்."

கவரை விரலால் தடவிப் பார்த்தார். "அப்போ மேல் துணிதான் வேற. உள்ள லைனிங் ஒண்ணு."

"ஆமா."

"இதை நீ முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல."

அந்தக் கோட்டைக் கழற்றி அவர் மேலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. தோள் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

அக்கா வீடு திரும்பியதும் மாஸ்டர் இழுப்பறையை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பழைய மருந்து போட வைத்திருக்கும் பெட்டியில் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு மாத்திரைகூட ஒட்டிக்கொள்ளாமல் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து சாம்பிள் அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு-மஞ்சளுக்குப் பக்கத்தில், புதுக் கவர் ஒன்றில், வெள்ளை, நீட்டம்.

"இனிமே ரெண்டையும் காட்டிடலாம்ல," என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், பின்னாலேயே வந்த அக்கா அட்டையைப் பிடுங்கி, குண்டூசியை மட்டும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டிக்குள் போட்டார். "ஊசி வேலைக்கு ஆகும், வச்சுக்கோங்க."

பல்லைப் பிடுங்கப் போன அன்றைக்கு, எந்த மருந்து சேராது என்று டாக்டர் கேட்டாராம். மாஸ்டர் கை பைக்குள் போயிருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லை. "பென்சிலின் வகை எதுவும் ஆகாது, அமாக்சிசிலின் சாப்பிட்டு மூச்சு நின்னு பிழைச்சேன்" என்று அக்காவே சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லையாம். சிவப்பு மையில் எழுதினாராம்.

தையல்கடை இப்போதும் அதே இடத்தில் இருக்கிறது. மாஸ்டர் காலர் வைக்கிறார். அக்கா காஜா எடுக்கிறார். அக்காவின் கைப்பையின் உள்பக்கம், சட்டைக் காலரில் கடைப்பெயர் தைப்பது போல, ஒரு துணிப்பட்டையில் 'பென்சிலின் ஆகாது' என்று மாஸ்டர் தைத்து வைத்திருக்கிறார். சிவப்புத் துணியில் மஞ்சள் நூல். மருந்து இருந்த இழுப்பறையில் இப்போது கொக்கிகள் இருக்கின்றன. இஸ்திரிக்காரர் போன வாரம் பாதி அட்டையோடு வந்து, "மாஸ்டர் வாங்க மாட்டேங்குறாரு, நீயாவது வச்சுக்கோ தம்பி" என்றார்.