திரையில் இருந்தவனின் முகம்

ஒரு கொப்பி அளவில் கறுப்புப் பலகை, அதோடு மை இல்லாத ஒரு பேனை. கூடப் படித்த தோழி வெளிநாடு போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனாள். மடிக்கணினியில் செருகிவிட்டுப் பலகையில் கீறினால், கோடு பலகையில் விழாது, திரையில் விழும். முதல் நாள் என்னால் ஒரு வட்டத்தைக்கூட மூட முடியவில்லை. குனிந்து கையைப் பார்ப்பேன், அங்கே ஒன்றும் இருக்காது. நிமிர்ந்தால் திரையில் கோழி கிளறியதுபோல் கிடக்கும்.

அழுத்தினாலும் தடவினாலும் கோடு ஒரே தடிப்பில்தான் வந்தது. அதற்கென்று ஒரு மென்பொருள் இறக்க வேண்டும் என்பது தெரிய இரண்டு கிழமை போனது. இறக்கிய பிறகு, மெல்லத் தொட்டால் மயிரிழை, அழுத்தினால் விரல் தடிப்பு. அன்று பின்னேரம் முழுக்கக் கோடுகளை மட்டுமே கீறிக்கொண்டிருந்தேன். அண்ணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, இதுக்கு இவ்வளவு சந்தோசமோ என்று கேட்டார்.

நான் அண்ணா வீட்டில் இருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு. அம்மா, அப்பா இல்லை. அவர்கள் இல்லாமல் போனபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணாவுக்குப் பத்தொன்பது. அவர்தான் என்னை வளர்த்தார், படிக்க வைத்தார், அடித்தார். மூன்றையும் ஒரே கையால் செய்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பிந்தி வந்தால் அடி, வீதியில் ஆண் பிள்ளைகளோடு கதைத்தால் அடி. வெளியாட்களோடும் அவர் அப்படித்தான். ஒருமுறை சந்தையில் ஒருவரின் தாடையை உடைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

வட்டங்கள் மூடத் தொடங்கியதும் முகங்களுக்குப் போனேன். கீறிப் பழகுபவர்களுக்கென்று இணையத்தில் இலவசமாகப் படங்கள் கிடந்தன. அதில் ஒருவனுக்கு மூக்கு கொஞ்சம் கோணல், கன்னத்தில் நிழல் தெளிவாக விழுந்திருந்தது. எந்த ஊரான் என்றுகூட எனக்குத் தெரியாது. பார்க்க நம்மவன் போல இருந்தான். அவனை நாற்பது தடவையாவது கீறியிருப்பேன். எல்லாவற்றையும் சேமித்தும் வைத்தேன்.

அந்த வருடம் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் திறந்துவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம், எங்கள் முறையில் பக்கத்து வயல்காரர் மடையைத் திருப்பிவிட்டார் என்று அண்ணா மண்வெட்டியோடு போனார். அங்கே இருவரும் அடிபட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது அவருடைய சேட்டில் இரத்தம் இருந்தது. பாதி அவருடையது, பாதி மற்றவருடையது.

நான் பாயில் இருந்து கீறிக்கொண்டிருந்தேன். திரை நிறைய அந்த முகம். அண்ணா எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"ஆர் இவன்?"

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் சொல்லும்போதே அது பொய்போலக் கேட்டது. கீறிப் பழகுகிற படம், இணையத்தில் எடுத்தது என்றேன். அவர் குனிந்து, சேமித்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். அவன், அவன், திரும்பவும் அவன்.

"தெரியாதவனையோ இத்தினை தரம் கீறினனீ?"

சுவரில் உழவு இயந்திரத்தின் பழைய பெல்ட் ஒன்று தொங்கியது. முதல் அடி கழுத்தில் விழுந்தது. அடுத்தவை எங்கே விழுந்தன என்று நான் எண்ணவில்லை. பலகையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது. அதன் மேல் கையை விரித்து வைத்தேன். அண்ணா வயலுக்குப் போடும் சப்பாத்தோடு அந்தக் கையை மிதித்தார். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. பலகையா எலும்பா என்று விளங்கவில்லை. இரண்டாவது முறை மிதித்தபோது இரண்டும்தான் என்று விளங்கியது.

அப்போது அண்ணி வந்தார். சோறு வடிக்க இறக்கிய பானை அவருடைய கையில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. பானையை அப்படியே அண்ணாவின் முதுகில் கவிழ்த்தார். அண்ணா விழுந்து உருண்டார். கொதிகஞ்சி சேட்டோடு சேர்ந்து தோலில் ஒட்டியிருந்தது, அதை இழுக்க இழுக்கத் தோலும் வந்தது. அண்ணி வெறும் பானையோடு நின்றுகொண்டு சொன்னார்:

"இனி அவளில கை வைச்சால், எண்ணெயைக் காய்ச்சி ஊத்துவன்."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணா சாய முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்திருந்தார். என் கை புடையன் பாம்பு கடித்ததுபோல் வீங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணா, பானை தவறி விழுந்தது என்றார். நான் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். பதிவெழுத வந்த பொலிஸ்காரரிடம் அண்ணி முந்திக்கொண்டார்.

"நான்தான் ஊத்தினனான். ஏன் ஊத்தினனான் எண்டதையும் எழுதுங்கோ."

வழக்குப் போனது. முதுகுப் புண் காய்ந்ததும் அண்ணாவை இரண்டு கிழமை மறியற்சாலையில் வைத்தார்கள். அண்ணியை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அண்ணா திரும்பி வந்து அந்த வீட்டில்தான் இருந்தார், அண்ணியும் இருந்தார். அதற்குப் பிறகு அவர் அண்ணியைத் தொட்டதில்லை என்று கேள்வி. நான் மட்டும் வெளிக்கிட்டேன்.

வவுனியாவில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு பலகை இருந்தது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாததால் பேனையை விரலால் ஆட்ட முடியவில்லை, தோளிலிருந்து முழுக் கையையும் அசைத்துக் கீறவேண்டியிருந்தது. திரும்பவும் மூடாத வட்டங்கள். கோடு சரிவரத் தொடங்கியதும் முதலில் கீறியது அண்ணாவின் முகத்தை. கீறி முடித்துவிட்டு அதன் மேல் கறுப்பாக அடித்தேன். திரை முழுக்க இருட்டிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். பேனையின் முனை தேய்ந்து பலகையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. முதலாளி கேட்டபோது, கவனிக்கவில்லை என்றேன்.

நான் வெளிக்கிட்டபோது பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணாவின் மகள் போன வருடம் பெரிய பிள்ளையானாள். சாமத்தியவீட்டு அழைப்பிதழில் அவளுடைய முகத்தை நான்தான் கீற வேண்டும் என்று அண்ணி தொலைபேசியில் கேட்டார். சம்மதித்தேன். ஆனால் படத்தைக் கொண்டு அச்சகத்துக்கு அண்ணா வருவார் என்று அவர் சொல்லவில்லை. அண்ணா வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். முன்னரைவிட மெலிந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல், பிள்ளையின் படத்தைப் பார்த்துக் கீறினேன். திரையில் முகம் உருவாவதை அவர் மூச்சுவிடாமல் பார்ப்பது தெரிந்தது.

திடீரென்று அவருடைய கை உயர்ந்தது. என் இரண்டு கைகளும் தாமாகத் தலையைப் பொத்திக்கொண்டன, பேனை கீழே விழுந்து உருண்டது. முன்னால் நின்ற வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். அண்ணாவின் விரல் திரையை நோக்கி நீண்டபடி அப்படியே நின்றது. பிறகு கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார்.

"மற்றக் காதுத் தோடும் தெரியோணும் எண்டு சொல்ல வந்தனான்," என்றார்.

எனக்கு அவரில் இரக்கம் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. நான் தலையைப் பொத்தியதை அவர் கண்டுவிட்டார் என்பதில் ஒரு கொடூரமான திருப்திதான் வந்தது. பேனையை எடுத்து மற்றத் தோட்டைக் கீறினேன். அண்ணா எழும்பி வெளியே போய் வெயிலில் நின்றார். அட்டைகள் அச்சாகி முடியும்வரை அவர் உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.