வெள்ளிக்கிழமை வரை குடியிருப்பவள்

தலையணை உறைமேல் டேப்பை ஒட்டிப் பிய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு முடி. அதைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாள். குப்பைக் கூடையில் போட்டால் கூடையில் முடி கிடக்கும். அடுத்த துண்டு டேப்பைக் கிழித்து மறுபடி குனிகிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இதுதான் அவளுக்கு வேலை. அவள் அறைக்கு எதிர்வீட்டு மாடியில் என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடப்பதால், வேண்டுமென்று பார்க்காவிட்டாலும் கண்ணில் படும். சந்து அவ்வளவு குறுகல். அவள் அங்கிருந்து "அக்கா, நூல் அறுந்துடுச்சு பாருங்க" என்று எனக்கே சொல்லியிருக்கிறாள்.

அவள் கல்லூரி மாணவி. மண்ணியல் படிக்கிறாள். கடலைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற இந்தச் சின்ன ஊரில் தோண்டிய இடமெல்லாம் மணல்தான், இங்கே வந்து மண்ணைப் படிப்பானேன் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "மணலும் மண்ணுதான்க்கா, அவசரப்பட்டு வாய விடாதீங்க" என்றாள்.

அவள் இருக்கும் அறை திங்கள் முதல் வெள்ளி மதியம் வரை அவளுடையது. அதற்குப் பிறகு சுற்றுலா வருகிறவர்களுடையது. பாதி வாடகைக்கு இப்படித்தான் கிடைக்கும். அறையில் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் வீட்டுக்காரம்மா போட்ட ஒரே நிபந்தனை. ஆகவே அவள் தன் கெட்டில், தட்டு, புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு என் மெஷினுக்கு அடியில் வைத்துவிடுவாள். நாற்காலியை விளம்பரப் போட்டோவில் இருக்கிற கோணத்துக்குத் திருப்புவாள். துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டில் நடுவில் உட்கார வைப்பாள். பிறகு ஒரு பையோடு இறங்கிப் போய், அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் விரிப்புகள் அடுக்குகிற பொந்தில் மூன்று ராத்திரி படுத்துக்கொள்வாள். நீட்டிப் படுத்தால் அவள் கால் கதவை முட்டும். அதனால் தாழ்ப்பாள் தேவையில்லை என்பாள்.

போன வருடம் ஒரு குடும்பம் அறையைப் பற்றி இணையத்தில் எழுதியது: "இதுவரை யாரும் தங்கியதே இல்லாத அறை மாதிரி இருக்கிறது." ஐந்து நட்சத்திரம். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று தெருவுக்கே படித்துக் காட்டினார். இவள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை படிங்க ஆன்ட்டி" என்றாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஊருக்குள்ளும் அவள் கதை அதுதான். கடற்கரைப் படகுக்காரர் மூன்று வருடமாகத் தினமும் அவளை நிறுத்தி, "மேடம், போட்ல ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்கிறார். நான் இந்த ஊர்தான் என்றால், "எல்லாரும் அப்படிச் சொல்லித்தாம்மா ரேட்டக் கொறைக்கப் பாக்கறாங்க" என்கிறார். டீக்கடையில் எத்தனை நாள் தங்குவீங்க என்று கேட்பார்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்று இவளும் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாள்.

லீவுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அவள் அம்மா போன் செய்தார். கூடையை எடுக்க என் அறைக்கு வந்திருந்தவள், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீ வந்துட்டுத்தான் போனியாடி? கட்டில் போட்டது போட்டபடி இருக்கு. தலவாணியில ஒரு முடி இல்ல. பக்கத்து வீட்டுல பொண்ணு வந்திருந்தாளான்னு கேட்டாங்க, எனக்கே சந்தேகமாப் போச்சு." துண்டை அங்கேயும் அன்னப்பறவையாக மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் அப்பா அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி முகம் துடைத்துக்கொண்டாராம். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பழக்கதோஷம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இந்த சீசனில் விஷயம் கொஞ்சம் மோசமானது. ஒரு பெண்மணி கட்டிலுக்கடியில் ஒரு ஹேர் கிளிப்பைக் கண்டுபிடித்து, அதைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார். ஒரு நட்சத்திரம் போனது. வீட்டுக்காரம்மா இவளைக் கூப்பிட்டுக் கிளிப்பைக் கையில் கொடுத்தார். "இன்னொரு தடவ நீ இருக்கறது கெஸ்ட்டுக்குத் தெரிஞ்சுதுன்னா வேற எடம் பாத்துக்க பாப்பா. கோவமாச் சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன்." அவர் சிரிக்கவும் இல்லை. சீசனில் இந்த ஊரில் மாணவிக்கு வேறு அறை கிடையாது. விடுதியில் இடமில்லை. கடைசி வருடப் பரீட்சை சனிக்கிழமை தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கப் போகிறது. இந்த அறை போனால் படிப்பும் சேர்ந்து போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த வாரத்திலிருந்துதான் டேப் வந்தது.

அந்த சனிக்கிழமை விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். "அக்கா, உங்க கண்ணாடியக் குடுங்க."

படிக்கிற கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. முந்தின நாள் பெருக்கும்போது நழுவுகிறதென்று கழற்றி, அலமாரி உச்சியில் வைத்திருக்கிறாள். அலமாரியின் முன்பலகை சற்று உயரம். அதற்குப் பின்னால் இருப்பது கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எப்போதும் எல்லாவற்றையும் ஒளித்து வைக்கிற கை, அன்றும் ஒளித்து வைத்துவிட்டது. அறையில் இப்போது ஒரு கணவன் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா சந்தைக்குப் போயிருந்தார்.

என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "உங்க மூக்கு மட்டும் பெரிசாத் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"போய்க் கதவத் தட்டுடி" என்றேன்.

"என்னன்னு தட்டறது? நான் அங்க இருக்கறதே இல்லையேக்கா."

"ரூம் கூட்ட வந்தேன்னு சொல்லு."

"அலமாரி மேலயா கூட்டுவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அன்னப்பறவைமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பரீட்சைய விட்டுட்டு ரூம வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கத்தினேன். அவள் படியிறங்கிப் போனாள். நான் ஜன்னலுக்கு வந்தேன்.

கதவைத் திறந்தது அந்த மனைவி. தூக்கக் கலக்கத்தோடு, "யாரும்மா?" என்றார்.

"நான் இங்க குடியிருக்கேன்."

அந்த அம்மாள் திரும்பி அறையை ஒரு சுற்று பார்த்தார். கட்டில், நாற்காலி, அலமாரி, வெறும் சுவர். பிறகு இவளைப் பார்த்தார். "எங்க?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கேலி துளியும் இல்லை.

இவள் உள்ளே போய் நாற்காலியை இழுத்து, அதன்மேல் ஏறி, அலமாரி உச்சியில் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள். இறங்கி, கால் பட்ட இடத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். நாற்காலியைத் திரும்ப அதே கோணத்தில் வைத்தாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த கணவரிடம், "தூங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த அம்மாள் கதவைச் சாத்தாமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பரீட்சை சுமார்தான் என்றாள்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். ராத்திரியே எழுதியும் விட்டார்கள்: "அறை சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெண் குடியிருக்கிறாள். படிக்கிற பெண் போலிருக்கிறது. படிக்க ஒரு மேசையைக் காணோம்." மூன்று நட்சத்திரம். திங்கள் காலை வீட்டுக்காரம்மா அதைத் தனக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தபோது, இவள் பையைத் தோளில் மாட்டி தன் கூடையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"கெளம்பறேன் ஆன்ட்டி."

"எங்க?"

அதே கேள்விதான். வீட்டுக்காரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. யாரோ வெள்ளிக்கிழமைக்கு அறை கேட்டார்கள் போலிருக்கிறது. அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். கூடையிலிருந்து கெட்டிலின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க, இந்த வாரம் கெடையாது. அடுத்த வாரமும் கெடையாது" என்றார் எரிச்சலாக. "காலியா இல்லைங்க. உள்ள ஆள் இருக்கு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பரீட்சை முடிகிறவரைக்கும்தான் என்றும், கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மேசையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. என்னிடம் துணி வெட்டுகிற பலகை ஒன்று கூடுதலாக இருந்தது, அதைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், அவள் டேப்பும் கையுமாகக் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தலையணை முடிந்தது, விரிப்பு முடிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக் கதவு வரைக்கும் போய்விட்டாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

செருப்பைக் கீழே வைத்தாள். தலையிலிருந்து ஹேர் கிளிப்பைக் கழற்றி ஜன்னல் கட்டையில், ஓர் ஓரமாக வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, ஒரு விரலால் அதை நடுவுக்குத் தள்ளி வைத்தாள்.